கேக்கின் மேற்பூச்சு: நோயாளர் உள்ள வீட்டில் கவனிக்க வேண்டியவை

திருமழிசையிலும் பூவிருந்தவல்லிச் சாலையை ஒட்டிய குடியிருப்புகளிலும் ‘கேக் ஆர்டர் எடுக்கப்படும்’ என்னும் சிறு பலகைகளை இப்போது அடிக்கடி காண முடிகிறது. 2020 மே மாதம் கோயம்பேட்டுக் காய்கறிச் சந்தை தற்காலிகமாக நம் ஊருக்கு வந்தது பலருக்கும் நினைவிருக்கும். அந்த ஊரடங்குக் காலத்தில்தான் பேக்கரிக் கேக்கை மட்டுமே அறிந்திருந்த வீடுகள் குக்கரில் மணலோ உப்போ பரப்பிக் கேக் செய்யக் கற்றுக்கொண்டன. சந்தை திரும்பிப் போய்விட்டது. அந்தப் பழக்கம் தங்கிவிட்டது.

சிறுநீரகப் பிரிவில் எங்களிடம் வருவோர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “டாக்டர், பேத்திக்குப் பிறந்தநாள். மருமகள் வீட்டிலேயே கேக் செய்கிறாள். நான் ஒரு துண்டு சாப்பிடலாமா?” ஒரே சொல்லில் ‘கூடாது’ என்று விடை கூறுவது மருத்துவருக்கு எளிது. ஆனால் வாரம் மூன்று முறை நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தின் அருகே படுத்திருப்பவர், வீட்டு விழாவிலும் ஒதுங்கி உட்கார வேண்டுமா? கேக்கின் உடல் பெரும்பாலும் மைதா, சர்க்கரை, கொழுப்பு, முட்டை ஆகியவைதாம். நோயாளரைப் பொறுத்தவரை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது மேலே பூசுவதையும் அதன்மீது வைப்பதையும். வீட்டில் செய்யும்போது இவ்விரண்டும் நம் கையில் இருக்கின்றன என்பதால்தான் இக்கட்டுரை.

முதலில் கணக்கு. எட்டு அங்குல வட்டக் கேக்கை முழுவதும் மூடுவதற்கு 250 கிராம் வெண்ணெயும் 500 கிராம் ஐசிங் சர்க்கரையும் சேர்த்து அடிப்பது வழக்கமான அளவு. அதைப் பன்னிரண்டு துண்டாக வெட்டினால், ஒரு துண்டின் மேற்பூச்சில் மட்டும் ஏறத்தாழ 42 கிராம் சர்க்கரையும் 21 கிராம் வெண்ணெயும் இருக்கும்; ஆற்றல் 300 கலோரிக்குச் சற்று மேல். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நன்று என்கிறது உலக சுகாதார நிறுவனம். கேக்கை வாயில் வைக்கும் முன்பே, அதன் போர்வையிலேயே அன்றைய அளவு தீர்ந்துவிடுகிறது. நீரிழிவு உள்ளவர் மேற்பூச்சை வழித்து ஓரமாக வைத்துவிட்டு உண்பது பார்க்க அழகாக இல்லாவிட்டாலும் அறிவுள்ள செயல்.

அதைவிட நல்ல வழி, பூச்சைக் குறைத்து அலங்காரத்தைக் கூட்டுவது. நம் வீட்டுப் பெண்களுக்கு இதில் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. துளையிட்ட கோல அச்சு ஒன்று புதிதாக வாங்கிக் கழுவி உலர்த்தி, கேக்கின்மேல் சற்று உயரத்தில் பிடித்து, தேநீர் வடிகட்டியால் ஐசிங் சர்க்கரையைச் சலித்தால் வெண்கோலம் விழும். இதற்கு முழுக் கேக்குக்கும் இரண்டு மூன்று தேக்கரண்டி போதும். கேக் நன்கு ஆறியிருக்க வேண்டும். சூடாக இருந்தால் சர்க்கரை கரைந்து கோலம் மறைந்துவிடும். பூ வேலை வேண்டுமென்றால், மருதாணிக் கோன் சுற்றுவதுபோல் பட்டர் பேப்பரைச் சுற்றி நுனியை வெட்டிக்கொள்ளுங்கள். துளையிட்ட துணியில் ஜாங்கிரி பிழிந்த கைக்கு ஐசிங் பிழிவது ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். பால் உறையைக் கழுவி நுனி வெட்டிப் பயன்படுத்தும் வழக்கம் வேண்டாம். அதன் மூலைகளில் தங்கும் பால் எளிதில் கெடும்.

இனிப் பூச்சுக்கு எதைப் பயன்படுத்துவது? வெண்ணெய் ஏறத்தாழ 32 முதல் 35 டிகிரியில் உருகிவிடும். சென்னையின் சித்திரை மாதத்தில் வெண்ணெய்ப் பூச்சு வழிந்து இறங்குவது செய்தவரின் குறையன்று. கடையில் கிடைக்கும் சாதாரண ‘ஃப்ரெஷ் க்ரீம்’ 25 விழுக்காடு கொழுப்பே உடையது. எவ்வளவு அடித்தாலும் நுரைத்து நிற்காது, குறைந்தது 30 விழுக்காடாவது வேண்டும். இவ்விரு தொல்லைகளாலும் பெரும்பாலோர் தாவரக் கொழுப்பால் ஆன ‘விப்பிங் க்ரீம்’ பெட்டியை நாடுகிறார்கள். வெப்பத்தைத் தாங்கும், வெண்மையாக நிற்கும், விலையும் குறைவு. ஆனால் அதன் உறையில் ‘ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவரக் கொழுப்பு’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். இதயக் குழாய்களுக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பு, உணவிலுள்ள மொத்தக் கொழுப்பில் 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி; 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஆகவே தெரிந்த நிறுவனத்தின் மூடிய பெட்டியை, தேதி பார்த்து வாங்குங்கள். எடைக்கு எடை அள்ளித் தருவதை வாங்காதீர்கள். விதிக்கு உட்பட்ட க்ரீமிலும் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி என்பதால், ஸ்டென்ட் பொருத்திக்கொண்டவர்களுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் நான் பரிந்துரைப்பதில்லை.

கேக்கின்மேல் கண்ணாடிபோல் இறுகி நிற்கும் ‘ராயல் ஐசிங்’ பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். அது வேகாத முட்டை வெள்ளைக்கருவில் செய்யப்படுவது. நாமக்கல் முட்டை எவ்வளவு புதியதாயினும் சால்மோனெல்லா கிருமி இல்லையென்று பார்த்துச் சொல்ல முடியாது. உடல்நலமுள்ளவருக்கு அது இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டு எதிர்ப்பாற்றல் குறைக்கும் மாத்திரை உண்பவருக்கும், புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்பவருக்கும், கருவுற்றவருக்கும், முதியவருக்கும் அது உயிருக்கே ஆபத்தாகலாம். ஐசிங் சர்க்கரையில் சில துளி எலுமிச்சைச் சாறும் வெந்நீரும் விட்டுக் குழைத்தால் முட்டையின்றியே வெண்மையான பூச்சு கிடைக்கும். பால் க்ரீம் பூசிய கேக்கை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் அறை வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரமே கணக்கு. விருந்தினர் தாமதமாக வந்தால் கேக் குளிர்பெட்டியில் காத்திருக்கட்டும்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு இந்தக் கணக்கு சற்று வேறு. வெண்ணெயிலும் சர்க்கரையிலும் பொட்டாசியம் மிகக் குறைவு. ‘சத்து’ என்று எண்ணி நாம் சேர்க்கும் பேரீச்சை, உலர்திராட்சை, முந்திரி, பாதாம், வாழைப்பழம், சாக்லேட், தேங்காய்த் துருவல் ஆகியவற்றில்தான் அது மிகுதி. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் முன்னறிவிப்பின்றி இதயத் துடிப்பு நிற்கக்கூடும். ஆகவே இவர்களுக்கான துண்டில் ஆப்பிள் அல்லது அன்னாசித் துண்டு இரண்டு மூன்று போதும்.

ஒரு பழம் மட்டும் எந்த அளவிலும் கூடாது. குறுக்கே வெட்டினால் ஐந்து முனை விண்மீனாகத் தோன்றும் நட்சத்திரப் பழம், அலங்காரத்துக்கென்றே படைக்கப்பட்டதுபோல் இருக்கும். அதிலுள்ள கேரம்பாக்சின் என்னும் நச்சினை நலமான சிறுநீரகம் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் செயலிழந்தவரிடம் அது தங்கி மூளையைத் தாக்கும். விடாத விக்கலில் தொடங்கிக் குழப்பம், வலிப்பு எனச் சென்று உயிரிழப்பிலும் முடிந்திருக்கிறது. சாப்பிட்டபின் விக்கல் நிற்கவில்லையென்றால் வீட்டில் தண்ணீர் குடித்துப் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். என்ன பழம் உண்டார் என்பதையும் மறக்காமல் கூறுங்கள்.

பூக்களிலும் இதே எச்சரிக்கை. பூவின் பெயரையே தாங்கிய பூவிருந்தவல்லிக்கு அருகில் வாழும் நமக்குக் கேக்கின்மேல் உண்மைப் பூ வைக்கும் ஆசை வருவது இயல்பு. கேரளத்தில் 2024ஆம் ஆண்டு அரளி இலையை மென்றதாகக் கருதப்படும் இளம்பெண் ஒருவர் இறந்ததை அடுத்து, திருவிதாங்கூர் தேவசம் போர்டு தன் கோயில்களின் நிவேதியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை விலக்கியது. அரளியின் நச்சு இதயத் துடிப்பைக் குலைப்பதோடு இரத்தப் பொட்டாசியத்தையும் உயர்த்தும். நித்தியகல்யாணியும் வேண்டாம், வின்கிரிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்து அச்செடியிலிருந்தே எடுக்கப்படுகிறது. சந்தைப் பூக்களில் பூச்சிமருந்து படிந்திருக்கும். பூச்சிமருந்து தெளிக்காமல் வீட்டில் வளர்த்த பன்னீர் ரோஜா இதழ்களையோ சங்குப்பூவையோ கழுவி வைக்கலாம்.

நிறங்களுக்கு வருவோம். நம் நாட்டில் உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறமிகள் எட்டே. அவற்றுக்கும் அளவு வரையறை உண்டு. துணிக்கு ஏற்றும் ரோடமின்-பி பஞ்சு மிட்டாயில் கண்டறியப்பட்டதால் தமிழ்நாடு அரசு 2024 பிப்ரவரியில் அதன் விற்பனையைத் தடை செய்தது. அதே ஆண்டு கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை பெங்களூருவில் சோதித்த 235 கேக் மாதிரிகளில் 12 மாதிரிகள் நிறமிகளால் பாதுகாப்பற்றவை என அறிவித்தது. வீட்டில் பீட்ரூட் சாறு இளஞ்சிவப்பைத் தரும். சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நீலம், அதில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா. குழந்தைகள் இதைப் பார்த்து வியப்பது கேக்கைவிடச் சுவையானது. பீட்ரூட் பூச்சு உண்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீர் சிவக்கும். சிவப்பு நிறமி மிகுந்த கேக்குக்குப் பின் மலமும் நிறம் மாறலாம். ஒரு நாளில் மறையும். மறையாவிட்டால் கேக்கின் தலையில் பழியைப் போட்டுவிட்டு இருக்காமல் பரிசோதனைக்கு வாருங்கள்.

மினுமினுக்கும் பொன், வெள்ளித் தூள்கள் குறித்து எனக்குத் தயக்கமே இல்லை: வேண்டாம். அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் 2018இல் பிறந்தநாள் கேக் உண்ட ஆறு குழந்தைகள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக நோயுற்றனர். கேக்கின்மேல் தடிமனாகப் பூசிய பொன்னிறத் தூளில் செம்பு மிகுந்திருந்தது. அடுத்த ஆண்டு மிசூரியில் முதல் பிறந்தநாள் கொண்டாடிய குழந்தையின் இரத்தத்தில் ஈயம் உயர்ந்திருந்தது. காரணம் கேக் பூக்களுக்குத் தூவிய மஞ்சள் தூள். இத்தகைய தூள்களின் உறையில் ‘நச்சற்றது’ என்று எழுதியிருப்பது உண்ணத் தக்கது என்று பொருள்படாது. ‘உண்ணத்தக்கது’ என்ற சொல்லும், உட்பொருள் பட்டியலும், உணவு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் இல்லாத டப்பாவைக் கடையிலேயே வைத்துவிடுங்கள். சிறு குழந்தைகளின் துண்டில் கடினமான வெள்ளி மணிகளும் முழு முந்திரியும் மூச்சுக்குழாயில் சிக்கக்கூடும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது.

பக்கவாதத்துக்குப் பின் கை தேறிவரும் ஒருவர் வீட்டில் இருந்தால், ஐசிங் பிழியும் பையை அவரிடம் கொடுத்துப் பாருங்கள். மென்மையாகப் பிடித்து, சீராக அழுத்தி, உரிய இடத்தில் நிறுத்துவது விரல்களுக்கு நல்ல பயிற்சி. இத்தகைய சமையலறை வேலைகளைச் செயல்முறைச் சிகிச்சையாளர்களும் பயன்படுத்துகிறார்கள். கோடு கோணலாக வந்தால் வழித்துவிட்டு மீண்டும் போடலாம். உண்ண முடியாதவர்களும் இதில் பங்கேற்கலாம் என்பதால் எனக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும்.

உள்நோயாளருக்காக வார்டுக்குக் கேக் கொண்டுவர விரும்புவோர் முந்தைய நாளே பொறுப்புச் செவிலியரிடம் கூறிவிடுங்கள். அந்த நோயாளருக்கு உரிய அளவை உணவியல் நிபுணர் சொல்வார். வெள்ளணுக்கள் குறைந்தவர்களின் அறைக்குள் கேக்கையோ பூவையோ கொண்டுவர அனுமதி இல்லை. நுரை தெளிக்கும் புட்டிகளும் மெழுகுவர்த்திகளும் வார்டில் எங்குமே கூடாது. அந்நுரை எளிதில் தீப்பற்றும், பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு ஆக்சிஜன் சென்றுகொண்டிருக்கலாம். பேட்டரியில் ஒளிரும் சிறு மெழுகுவர்த்திகள் திருமழிசைக் கடைகளிலேயே கிடைக்கின்றன.