இருவேறு இயங்குதளங்களும் ஒரு தமிழ்க் கோப்பும்

பொழிச்சலூரில் ஏரிப்பாசனமும் நெல்வயலும் இருந்த காலத்து வழங்கிய உழவுச் சொற்களை எம் பாட்டனார் முதியோர்வாய்க் கேட்டுத் தொகுத்து, 2001-இல் விண்டோஸ் 98 இயங்கிய கணிப்பொறி ஒன்றில் தட்டெழுதி வைத்தனர். அவர் இன்றில்லை, சொல்லியவரும் பெரும்பாலும் இலர். சென்ற கோடை விடுமுறையில் அவ்வுரைக்கோப்பினைப் பென் டிரைவில் ஏற்றி, லினக்ஸ் இயங்கும் என் மடிக்கணினியில் திறந்தேன். தமிழெழுத்து ஒன்றேனும் காணேன். தலைமேற் புள்ளியும் கோடும் பெற்ற ஐரோப்பிய எழுத்துக்களே திரை முழுதும் நிறைந்திருந்தன.

கோப்புச் சிதைந்ததோவென அஞ்சினேன், சிதையவில்லை. ஓர் இயங்குதளத்துக் கோப்பைப் பிறிதொன்று படித்தற்கு இரண்டு உடன்பாடுகள் வேண்டும். ஒன்று, சேமிப்பகத்திற் கோப்பினை அடுக்கும் முறை பற்றியது. இஃது இக்காலத்துப் பெரிதும் தீர்ந்தது. பழைய ஃபேட் 32 எல்லாத் தளங்கட்கும் பொதுவாயினும் 4 ஜிபி அளவுள்ள கோப்பைத் தாங்காது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் வகுத்த எக்ஸ்ஃபேட் அக்குறையை நீக்கிற்று. 2019-இல் அதன் விவரங்கள் வெளியிடப்படவே லினக்ஸும் அதனை ஏற்றது.

மற்றொன்று எழுத்துப் பற்றியது. தமிழர்க்கு இடர் விளைத்தது இதுவே. கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். பாட்டனார் கையாண்டது திஸ்கி என்னும் முறை. அது 256 இடங்களுள் முற்பாதியை ஆங்கிலத்திற்கு விட்டுப் பிற்பாதியில் தமிழ் வடிவங்களை வைத்தது. அவ்வெண்களே மேனாட்டு முறையில் ஐரோப்பிய எழுத்துக்களாதலின், உரிய எழுத்துரு இல்லாத தளம் அவற்றையே காட்டிற்று. 1999-இல் தமிழ்நாட்டரசு டாம், டாப் என வேறு இரு முறைகளை ஏற்றமையாற் குழப்பம் பின்னும் மிகுந்தது.

யூனிகோடோ தமிழுக்கெனத் தனி எண்களையே வகுத்தது. இங்கே தமிழ் மாணவர் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ‘கொ’ என்பதைத் திஸ்கி, கண்ணுக்குத் தோன்றும் வரிசைப்படியே, கொம்பு, ககரம், கால் என மூன்றாக வைக்கும். யூனிகோடு ககரத்தை முன்னும் ஒகரக் குறியைப் பின்னும் வைக்கும். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்குமென்ற தொல்காப்பியர் நெறிக்கு இஃது இயைந்ததன்றோ! ஆகவே, முறைமாற்றுவோன் எண்ணை மட்டுமன்றி வரிசையையும் மாற்றல் வேண்டும்.

லினக்ஸிலேயே ‘ஐகான்வ்’ என்னும் கட்டளை இதற்கென உளது. திஸ்கியினின்று யூனிகோடிற்கு மாற்றுக என ஏவினேன். ஒரு நொடியில் மதகும் மடையும் வாய்க்காலும் வரிவரியாய்த் தோன்றின. அவ்வடிவில் அக்கோப்பு இன்று விண்டோஸிலும் பிழையின்றித் திறக்கின்றது. உடன்கிடந்த சிறு கோப்பொன்று மட்டும் இன்னும் படிக்க இயலாதுளது. அது டாப் முறையினதோவென இவ்வாரம் ஆய்ந்து வருகின்றேன்.