பாட்டும் கணக்கும்

உத்தரமேரூர்ச் சாஸனத்தைப் பற்றிப் பேசாத அரசியல் மேடை நம் நாட்டில் அபூர்வம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், அவ்வூர்க் கோயிற் சுவரில் வெட்டப்பட்ட குடவோலை விதிகளை ஒவ்வொரு தேர்தலிலும் யாராவது ஒருவர் எடுத்துக்காட்டிப் பெருமை கொள்ளுகிறார். கொள்ளட்டும். நிலமும் கல்வியும் உடைய ஒரு சிறு வகுப்பாருக்கே அந்தக் குடத்தில் ஓலை இருந்தது என்பதையும் கூடவே சொல்வாரானால் பெருமை சற்று அடக்கமாயிருக்கும். நிற்க, அவ்விதிகளுள் ஒன்று எந்தக் காலத்துக்கும் பொருந்துவது. வாரியப் பொறுப்பு வகித்துவிட்டுக் கணக்கு ஒப்புவியாதவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி அப்பொறுப்புக்கு வரலாகாது என்பதே அது. இன்று இதனை நாம் ஞாபகமூட்டுவது பஞ்சாயத்தை உத்தேசித்தல்ல. பாட்டு வியாபாரத்தை உத்தேசித்து.

1902-ம் வருஷம் நவம்பர் மாதம் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைக் கிராமபோன் கம்பெனியார் பதிவு செய்த நாள் முதல், பாடுகிறவரை விட்டுப் பிரிந்து கடைக்குப் போகும் சரக்காகப் பாட்டு மாறிற்று. ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம் ஓடும் அரக்குத் தட்டுக்குள் ராகமும் கிருதியும் ஒடுங்க வேண்டியதாயிற்று. ஆயினும் அத்தட்டினால் தேசம் அடைந்த நன்மையை நாம் மறக்கவில்லை. கே. பி. சுந்தராம்பாளின் குரலில் தேசியப் பாட்டுகள் தட்டேறிய பின், பிரசங்கிகள் எட்டிப் பார்க்காத ஊர்களிலும் காங்கிரஸின் செய்தி ஒலித்தது.

அந்த நாட்களின் கதையில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். 1928-ல் பாரதியாரின் பாடற் புத்தகங்களைச் சென்னை சர்க்கார் பறிமுதல் செய்தபோது, சட்டசபையில் ஸ்ரீ சத்தியமூர்த்தி கர்ஜித்தார், தமிழ்நாடு கொதித்தது. அன்னிய சர்க்காரின் தடை பின்னர் நீங்கிற்று. ஆனால் அதே பாட்டுகளை இசைத்தட்டிலும் ரேடியோவிலும் ஒலிக்கச் செய்யும் உரிமை ஒரு வியாபாரியின் கைக்குப் போய், அவரிடமிருந்து ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரின் கைக்கு வந்தது. 1948-ல் வெளிவந்த 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டொன்றை டி. கே. எஸ். சகோதரர்கள் சேர்த்தபோது தகராறு மூண்டது. போலீஸாரின் உத்தரவு அடக்க முடியாத கவிதையை ஒரு கிரயப் பத்திரம் அடக்கலாம் என்று அன்றுதான் ஜனங்கள் கண்டுகொண்டார்கள். 1949-ல் செட்டியார் விலை கேளாமல் உரிமையைச் சர்க்காரிடம் ஒப்புவித்தார். அது அவருக்குக் கீர்த்தி. எனினும் ஒரு கனவானின் தாராளம் சட்டத்தின் ஸ்தானத்தில் நிற்க முடியாது.

இவ்வியாபாரத்தில் சங்கீத விமரிசகரின் ஸ்தானம் என்ன? நம்மிடையே கல்கி, 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் விகடனில் எழுதிய 'ஆடல் பாடல்' பகுதி ரஸிகர்களுக்குக் காது கொடுத்தது. மேல்நாட்டில் 1967-ல் தோன்றிய 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை ராக் சங்கீதத்தை அரசியலைப் போலவே ஊன்றி விவாதித்தது. 1969-ல் நியூயார்க்கில் ராபர்ட் கிறிஸ்ட்காவ் என்பவர், பள்ளிக்கூட வாத்தியார் மார்க்குப் போடுவது போல, ஒவ்வோர் இசைத்தட்டுக்கும் தரம் எழுதலானார். காசு கொடுத்துத் தட்டு வாங்குகிறவன் ஏமாறக்கூடாது என்பதே அவ்வேற்பாட்டின் கருத்து. விமரிசகர் வாங்குகிறவனுடைய பணப்பைக்குக் காவற்காரர்.

இன்றோ தட்டுமில்லை, ஒலிநாடாவுமில்லை. 2008-ல் ஸ்வீடனில் தொடங்கி 2019-ல் இங்கே வந்த ஸ்பாடிஃபை போன்ற கம்பெனிகளில் சந்தாப் பணமும் விளம்பரப் பணமும் ஒரே குவியலாகச் சேர்கின்றன. பாட்டுகள் கேட்கப்பட்ட விகிதப்படி அக்குவியல் உரிமையாளருக்குப் பங்கிடப்படுகிறது. அதிலிருந்து கலைஞருக்கு எவ்வளவு இறங்கும் என்பது அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஒரு பாட்டை எத்தனை கோடி முறை கேட்டார்கள் என்ற எண் உலகத்துக்கெல்லாம் தெரிகிறது. காசு எந்த வாய்க்காலில் நின்றது என்பது மட்டும் தெரிவதில்லை.

2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யை எடுத்துக்கொள்வோம். இசை சந்தோஷ் நாராயணன். பாடியவர்கள் தீயும் அறிவும். பாட்டை எழுதிய அறிவு அரக்கோணத்துக்காரர், காஞ்சீபுரத்துக்கு அண்டை ஊர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் ஞாபகமும், ஒப்பாரியின் ஓசையும் அதிலுண்டு. அவ்வாண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' இந்தியப் பதிப்பின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் தோன்றினர். அறிவின் முகம் இல்லை. டைரக்டர் பா. ரஞ்சித் கண்டித்தார், பிறகு இணையத்தில் அறிவுக்கென்று தனி அட்டை வந்தது. அட்டையைப் பற்றி அவ்வளவு சண்டை! கணக்கைப் பற்றியோ, மூன்று வருஷம் கழித்து, 2024 மார்ச்சில், தங்களுக்கு ஒரு பைசாவும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே வெளியிட்டுச் சொன்ன பிறகுதான் ஊர் பேசிற்று. பாட்டை வெளியிட்ட 'மாஜா' கம்பெனியார் பக்கம் என்ன நியாயம் உண்டென்று தீர்ப்புச் சொல்ல நாம் நீதிபதி அல்லோம். நம் வியப்பெல்லாம் விமரிசகர்களைப் பற்றியது. அப்பாட்டின் தாளத்தையும் சாதியையும் மண்ணையும் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியவர்கள், ஒப்பந்தம் யாருடையது, பங்கு எவ்வளவு என்று கேட்டிருக்கலாகாதா? பணப்பைக்குக் காவல் வேண்டாத காலத்தில் கணக்குக்குக் காவல் நிற்பதைவிட விமரிசகருக்கு வேறென்ன வேலை?

சட்டம் இல்லாமற் போகவில்லை. 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு 2012-ல் செய்த திருத்தத்தின்படி, பாட்டெழுதியவரும் மெட்டமைத்தவரும் தம் ராயல்டிப் பங்கை கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தாலும் அந்த எழுத்து செல்லாது. சினிமாக் கொட்டகையில் படத்தோடு ஓடுவது ஒன்றுதான் விலக்கு. பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும்கூட வியாபார உபயோகத்தில் பங்குண்டு. உரிமை காகிதத்தில் இருக்கிறது. ஆனால் மொத்த வரவை அறியாதவன் பங்கை எப்படிக் கணிப்பான்?

சென்னையில் வக்கீல் வைத்துக்கொள்ளக்கூடியவர்கள் இதற்கு வழி தேடிக்கொள்வார்கள். உத்தரமேரூர்ச் சுற்றுக் கிராமங்களில் விடிய விடியத் தெருக்கூத்தாடுகிறவர்களின் கதி வேறு. கர்ணமோட்சம் நடக்கும்போது ஐம்பது கைப்பேசிகள் உயருகின்றன. மறுநாள் கட்டியங்காரனின் குரல் யூட்யூபில் யாரோ ஒருவருடைய பெயரில் ஓடுகிறது, விளம்பரமும் கூடவே ஓடுகிறது. ஆடியவன் பெயர்கூட அதில் இல்லை. கூத்து ஜமாவுக்குத் தாம்பூலம் கொடுத்துத் தொகை பேசுகிறபோதே, பதிவு செய்ய இசைவு உண்டா, பெயர் போடுவது எப்படி, வரும்படியில் பங்கென்ன என்று ஒரு வரி சேர்த்து எழுதிக்கொள்ளும்படி ஊர்ப் பெரியவர்களை நாம் வேண்டுகிறோம். அந்த வரியை எழுதித்தர உள்ளூர் வக்கீல்கள் கூலி கேட்கலாகாது.