உடும்புப் பிடி போடும் கூம்பு

வீட்டில் எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றினுள் ஒன்றாக அடுக்கி வைப்பார்கள். சில வேளைகளில் இரண்டு டம்ளர்கள் இறுகப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு இழுத்தாலும் பிரியாது. நடுவில் பிசினும் இல்லை, திருகும் இல்லை. அம்மா இழுத்து மல்லுக்கட்ட மாட்டார். வெளி டம்ளரின் பக்கவாட்டில் கரண்டிக் காம்பால் இரண்டு தட்டுத் தட்டுவார். 'டப்' என்று கழன்றுவிடும்!

பல்லடம் வழியாகச் செல்லும் கோவை–திருச்சி நெடுஞ்சாலையைப் பார்த்திருக்கிறீர்களா? விசைத்தறித் துணி மூட்டைகளை ஏற்றிய லாரிகளும், இரவெல்லாம் கறிக்கோழி ஏற்றிச் செல்லும் வேன்களும் அதில் விரைந்துகொண்டே இருக்கும். அந்த வண்டிகளின் முன்சக்கரங்கள் ஓட்டுநரின் சொற்படி கேட்பதற்கும் இதே டம்ளர் தத்துவம்தான் காரணம் என்றால் வியப்பாக இருக்கிறது அல்லவா?

பந்து மூட்டு எதற்கு?

ஸ்டியரிங் சக்கரத்தை ஓட்டுநர் திருப்பும்போது, அந்த அசைவு சில தண்டுகள் வழியாக முன்சக்கரங்களை அடைகிறது. ஒரு வளைவில் திரும்பும்போது உட்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும், வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓட வேண்டும். ஆகவே உட்சக்கரம் சற்று அதிகமாகத் திரும்ப வேண்டும். இதற்கான அமைப்பை மியூனிக் நகர வண்டி செய்பவரான லாங்கன்ஸ்பெர்கர் குதிரை வண்டிகளுக்காக உருவாக்கினார். அவருக்காக 1818-ஆம் ஆண்டு லண்டனில் காப்புரிமை பெற்றவர் ருடால்ஃப் ஆக்கர்மான். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது.

சக்கரங்கள் இடமும் வலமும் திரும்புவதோடு, மேடுபள்ளங்களில் ஏறி இறங்கவும் செய்கின்றன. கதவுக் கீல் ஒரே தளத்தில்தான் அசையும். அது இங்கே பயன்படாது. நம் இடுப்பு எலும்பின் கிண்ணத்தில் தொடை எலும்பின் தலை சுழல்வதுபோல எல்லாப் பக்கமும் அசையும் மூட்டு வேண்டும். அதுவே பால் ஜாயின்ட் எனப்படும் பந்து மூட்டு. எஃகுப் பந்து ஒரு கிண்ணத்தினுள் கிரீஸில் புரளுகிறது. தூசியும் நீரும் புகாமல் ரப்பர் உறை மூடியிருக்கிறது. பந்திலிருந்து நீளும் காம்பு, சக்கரத்தைத் திருப்பும் இரும்புக் கையின் துளையில் பொருந்துகிறது.

காம்பு ஏன் கூம்பாக இருக்கிறது?

அந்தக் காம்பு நேர் உருளையாக இருப்பதில்லை. நுனியை நோக்கிச் சிறுத்துச் செல்லும். துளையும் அதே சாய்வில் கடையப்பட்டிருக்கும். பட்டறையில் இதை 'டேப்பர்' என்பார்கள். பல வாகனங்களில் 10 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் வீதம் விட்டம் குறைகிறது. அதாவது ஒவ்வொரு பக்கமும் சாய்வு 0.05.

உருளையான காம்பை உருளையான துளையில் போட்டால் சிறிதளவாவது இடைவெளி இருக்கும். ஒவ்வொரு குலுக்கலிலும் அது ஆடும். ஆட ஆடத் துளை பெருக்கும். கூம்பு அப்படியல்ல. உள்ளே இழுக்க இழுக்க நாலாபுறமும் சுவரை அழுத்தும் ஆப்பாகிறது. உலர்ந்த எஃகின் உராய்வு எண்ணை 0.15 என்று வைத்துக்கொள்வோம். சாய்வு 0.05-ஐயும் உராய்வு 0.15-ஐயும் கூட்டினால் 0.20. ஆகவே மரை இழுக்கும் விசையைப்போல் ஏறக்குறைய 5 மடங்கு விசை சுவரின்மேல் விழுகிறது. உராய்வு எண் சாய்வைவிடப் பெரியது. எனவே உள்ளே சென்ற கூம்பு தானாக வெளியே நழுவாது.

பழைய சைக்கிளின் கிராங்கைப் பிடிக்கும் காட்டர் பின்னும், நூற்பாலைக் கதிரில் பாபின் இறுகி அமர்வதும் இதே முறைதான்.

கழற்றுவதும் மாட்டுவதும்

சூலூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு, இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகக் கழற்றித் தாமே திரும்பப் பூட்டிப் பழகினார் என்பது நம் பகுதியில் பலரும் அறிந்த செய்தி. வீட்டில் வண்டி வேலை பார்க்கும் ஆர்வம் நல்லதே. ஆனால் ஸ்டியரிங் மூட்டில் தெரிந்தவர் உடனிருக்க வேண்டும்; ஒவ்வொரு செயலுக்கும் காரணமும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். வண்டியை ஜாக்கியில் தூக்கியபின் உறுதியான தாங்கிகளின்மேல் இறக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் செல்லவே கூடாது.

கூம்பைக் கழற்றக் காம்பின் நுனியில் அடிப்பது தவறு, மரைப்பள்ளம் நசுங்கிவிடும். மரையைச் சில சுற்று மட்டும் தளர்த்தி நுனியில் விட்டுவைத்து, துளையுள்ள கையின் பக்கவாட்டில் சுத்தியலால் அடிப்பார்கள். எதிர்ப்புறம் இன்னொரு கனமான சுத்தியலை அண்டக் கொடுப்பார்கள். அடி விழும் கணத்தில் வட்டத்துளை மிகச் சிறிதளவு நீள்வட்டமாகிறது. உராய்வின் பிடி விடுகிறது. அம்மா டம்ளரைத் தட்டியதும் இதற்காகத்தானே!

திரும்பப் பொருத்தும்போது கூம்பும் துளையும் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். கிரீஸ் பந்துக்குத்தான், கூம்புக்கு அல்ல. வழுக்கினால் உராய்வு குறைந்து, கூம்பு அளவுக்கு மீறி உள்ளே சென்று துளையை விரிக்கும். மரையை முடுக்கும்போது காம்பும் கூடவே சுற்றுகிறதா? காம்பைத் துளைக்குள் அழுத்திப் பிடித்தால் உராய்வு கூடிச் சுற்றுவது நிற்கும்.

அடுத்து வருவதுதான் முக்கியமான இடம். கோட்டைச் சுவர்போல் வெட்டுகள் உள்ள மரையின் வழியாக ஒரு ஸ்பிளிட் பின் செருக வேண்டும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குக் கடையாணி எப்படியோ, மரைக்கு இது அப்படி. குறித்த அளவுக்கு முடுக்கியபின் துளையும் வெட்டும் நேராக வரவில்லையென்றால், அடுத்த வெட்டு வரை முடுக்க வேண்டும். ஒருபோதும் பின்னோக்கித் தளர்த்தக் கூடாது. ஏன்? மரையில் 6 வெட்டுகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 60 பாகை. புரியிடைத் தொலைவு 1.5 மில்லிமீட்டர் என்றால், 60 பாகைக்கு மரை 0.25 மில்லிமீட்டர் நகரும். இறுக்கும்போது காம்பு நீள்வதோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். ஆகவே ஒரே வெட்டுப் பின்வாங்கினாலும் மரையின் இழுப்பு முழுவதும் போய்விடும். உடும்புப் பிடியாக இருப்பதால் கூம்பு உடனே கழலாது. எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். சில நாள் குலுக்கலுக்குப் பின் ஆடத் தொடங்கும், துளை பெருக்கும், காம்பு களைத்து முறியும். அப்போது ஓட்டுநர் எப்பக்கம் திருப்பினாலும் அந்தச் சக்கரம் கேளாது.

பழைய ஸ்பிளிட் பின்னைத் திரும்பப் போடாதீர்கள். வளைத்து நிமிர்த்திய கம்பி ஏற்கெனவே பாதி உயிரை விட்டது. புதிதின் விலை மிகச் சொற்பம்.

ஒரு சுற்று என்ன செய்யும்?

மூட்டின் மறுமுனை தண்டில் திருகப்பட்டிருக்கிறது. கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டு, அத்தனை சுற்றே திரும்பப் போட வேண்டும். ஒரு சுற்றுத் தவறினால் தண்டின் நீளம் 1.5 மில்லிமீட்டர் மாறும். சக்கரத்தைத் திருப்பும் கையின் நீளம் 150 மில்லிமீட்டர் என்றால், சக்கரம் 0.01 ரேடியன், அதாவது அரைப் பாகைக்குச் சற்று மேல் கோணிவிடும். இரு சக்கரங்களும் இதைப் பங்கிட்டுக்கொண்டாலும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒவ்வொரு டயரும் 5 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படும். பல்லடத்திலிருந்து திருப்பூருக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர். அதற்குள் 75 மீட்டர் தேய்ப்பு! டயர் வீணாகாமல் என்ன செய்யும்? அதனால்தான் எண்ணிப் போட்டாலும் இறுதியில் வீல் அலைன்மென்ட் பார்ப்பது கட்டாயம்.

இன்று வீட்டில் உலர்ந்த இரண்டு டம்ளர்களை ஒன்றினுள் ஒன்றாக அழுத்திப் பாருங்கள். பிறகு இழுக்காமல் பக்கத்தில் தட்டிப் பிரித்துப் பாருங்கள். அடுத்த முறை பட்டறையில் ஒரு மெக்கானிக் வெட்டு நேராக வருவதற்காக மரையை முன்னோக்கி முடுக்கினால், அவர் செய்வது சரி என்று உங்களுக்குத் தெரியும். பின்னோக்கித் திருப்பினால், ஏன் என்று கேட்கவும் தெரியும்.