அமெரிக்காவில் சீனரும் கென்யரும்: வந்த வழி வகுத்த வாழ்வு

சீனாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்பவர்கள் ஏறத்தாழ 24 லட்சம் பேர். கென்யாவில் பிறந்து அங்கே வாழ்பவர்கள் ஒன்றரை லட்சம் அளவில் இருக்கிறார்கள். இரு சமூகங்களிலும் கல்லூரிப் பட்டம் பெற்றவர்களின் விகிதம் அமெரிக்காவிலேயே பிறந்தவர்களிடம் இருப்பதைவிட அதிகம். ஆனால் வருமானம், தொழில், வசிக்கும் இடம், சேர்த்த சொத்து ஆகியவற்றில் இரண்டும் வெகுவாக வேறுபடுகின்றன. இந்த வேறுபாட்டுக்குப் பண்பாடுதான் காரணம் என்று சொல்லிவிடுவது வழக்கம். சீனர்கள் உழைப்பாளிகள், சிக்கனக்காரர்கள், படிப்பை மதிப்பவர்கள் என்பார்கள். இரு சமூகங்களின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொரு விடை கிடைக்கிறது. யார், எந்தக் காலத்தில், எந்தச் சட்டத்தின் வழியாக உள்ளே அனுமதிக்கப்பட்டார்கள் என்பதே பெரும்பாலானவற்றைத் தீர்மானித்திருக்கிறது.

சீனர்கள்: அறுபது ஆண்டுத் தடை

1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும், தென்சீனாவின் குவாங்டாங் மாகாணத்திலிருந்து, குறிப்பாகத் தைஷான் வட்டாரத்திலிருந்து, ஆண்கள் கப்பலேறினார்கள். அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைத்த முதல் ரயில் பாதையின் மேற்குப் பகுதியை அமைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர்களே. சியாரா நெவாடா மலையைக் குடைந்து சுரங்கப் பாதை அமைத்தவர்களும் அவர்கள்தான். 1869 மே 10 அன்று யூட்டாவின் பிராமன்டரியில் அந்தப் பாதை நிறைவுபெற்றது. பாதை முடிந்து வேலை குறைந்ததும், கூலியைக் கெடுக்கிறார்கள் என்ற வெறுப்பு அவர்கள்மீது திரும்பியது. 1875இல் வந்த சட்டம் சீனப் பெண்களின் வரவைப் பெருமளவு தடுத்தது. 1882இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் நுழைவதையே தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. 1890இல் அமெரிக்காவில் இருந்த சீனர்கள் சுமார் 1,07,000 பேர். அவர்களில் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ 27 ஆண்கள் என்ற நிலை. 1920இல் சீனர்களின் மொத்த எண்ணிக்கை 62,000க்கும் கீழே இறங்கியது.

சுரங்கங்களிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் விரட்டப்பட்டவர்கள் வெள்ளையர் போட்டிக்கு வராத தொழில்களில் ஒதுங்கினார்கள். சலவைக் கடையும் உணவகமும் அப்படி வந்தவையே. தடைச் சட்டத்தில் வணிகர்களுக்கு விலக்கு இருந்தது. 1915இல் உணவக உரிமையாளர்களையும் வணிகர்களாகக் கருதலாம் என்று ஒரு நீதிமன்றத் தீர்ப்பு சொன்னதும், ஊருக்குப் போய்த் திரும்பவும் உறவினரை அழைத்துவரவும் உணவகம் ஒரு சட்ட வழியாக மாறியது. சீன உணவகங்கள் பெருகியதற்குச் சமையல் திறமையைவிட இந்தத் தீர்ப்பு பெரிய காரணம்.

தடைச் சட்டம் 1943இல், சீனா போரில் நட்பு நாடாக இருந்தபோது, நீக்கப்பட்டது. அப்போதும் ஆண்டுக்கு 105 பேருக்குத்தான் இடம். 1949இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தபோது அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த சுமார் 5,000 சீன மாணவர்களும் அறிஞர்களும் திரும்ப இயலாமல் தங்க நேர்ந்தது. 1957இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற யாங், லீ இருவரும் 1940களில் படிக்க வந்தவர்களே. 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இன அடிப்படையிலான ஒதுக்கீட்டை ஒழித்து, குடும்ப உறவுக்கும் தொழில் திறமைக்கும் முன்னுரிமை தந்தது. 1979இல் இரு நாடுகளும் தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்டபின் மாணவர்கள் பெருந்திரளாக வந்தார்கள். 2019–20 கல்வியாண்டில் அவர்கள் 3,70,000க்கும் அதிகம்.

அதே காலத்தில் வேறொரு பாதையும் இருந்தது. ஃபூஜியன் மாகாணத்து ஏழைகள் ஆள்கடத்துவோரிடம் பல ஆயிரம் டாலர் கடன்பட்டுக் கள்ளத்தனமாக வந்தார்கள். 1993 ஜூனில் ‘கோல்டன் வென்ச்சர்’ என்ற கப்பல் 286 பேருடன் நியூயார்க் கடற்கரையில் தரைதட்டியது. கரைக்கு நீந்த முயன்றவர்களில் பத்துப் பேர் இறந்தார்கள். ஒரே நாட்டிலிருந்து ஆய்வகத்துக்கு வந்த முனைவரும், உணவகச் சமையலறைக்கு வந்த கடனாளியும் இன்று ஒரே புள்ளிவிவரத்தில் ‘சீனர்’ என்று அடங்கியிருக்கிறார்கள்.

கென்யர்கள்: படிப்பும் குலுக்கலும்

கென்யர்களின் வரவு கல்வியோடு தொடங்கியது. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த கென்யாவில் உயர்கல்விக்கு வாய்ப்பு மிகக் குறைவு. விடுதலைக்குப் பின் நாட்டை நடத்தப் படித்தவர்கள் வேண்டும் என்று தொழிற்சங்கத் தலைவர் டாம் எம்போயா அமெரிக்காவில் நிதி திரட்டினார். பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன், பாடகர் ஹாரி பெலஃபான்டே, நடிகர் சிட்னி பாய்ட்டியே ஆகியோர் துணை நின்றார்கள். 1959 செப்டம்பரில் 81 மாணவர்களுடன் முதல் விமானம் புறப்பட்டது. அடுத்த ஆண்டு கென்னடி குடும்ப அறக்கட்டளை உதவிக்கு வந்தது. 1963 வரை இத்திட்டத்தில் வந்த கிழக்கு ஆப்பிரிக்க மாணவர்கள் சுமார் 800 பேர். பின்னாளில் நோபல் அமைதிப் பரிசு பெற்ற வங்காரி மாத்தாய் அவர்களில் ஒருவர். நாட்டைக் கட்டியெழுப்பவே வந்தவர்கள் என்பதால் பெரும்பாலோர் படிப்பு முடிந்ததும் திரும்பிவிட்டார்கள். அமெரிக்காவில் ஒரு நிலையான சமூகம் அப்போது உருவாகவில்லை.

அது உருவானது 1980களுக்குப் பின்னர். கென்யப் பொருளாதாரம் தளர்ந்தது. அரசு வேலைகள் சுருங்கின. பல்கலைக்கழகங்கள் அடிக்கடி மூடப்பட்டன. படிக்க வந்தவர்கள் தங்கத் தொடங்கினார்கள். 1990ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய கிரீன் கார்டு லாட்டரி 1995ஆம் நிதியாண்டில் நடைமுறைக்கு வந்ததும் புது வழி திறந்தது. அமெரிக்காவுக்குக் குறைவாக ஆட்களை அனுப்பும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 55,000 விசாக்கள் வரை குலுக்கலில் தரும் திட்டம் அது. விண்ணப்பிக்கப் பள்ளியிறுதிப் படிப்போ, பயிற்சி தேவைப்படும் தொழிலில் இரண்டாண்டு அனுபவமோ வேண்டும். சீனப் பெருநிலத்தில் பிறந்தவர்கள் ஏற்கெனவே அதிகம் வருவதால் இதில் விண்ணப்பிக்கவே முடியாது. கென்யர்களுக்கு இது முக்கியமான வாசல். குலுக்கலில் வருபவருக்கு முன்கூட்டியே வேலை தரும் நிறுவனமோ, காத்திருக்கும் உறவினரோ இருக்கவேண்டியதில்லை. கிரீன் கார்டோடு வந்திறங்கி, கிடைத்த வேலையில் சேர்ந்து, அங்கிருந்து மேலேற வேண்டும்.

வேலையும் வருமானமும்

கென்யாவில் பள்ளிக் கல்வி பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. ஆகவே பெரும்பாலான கென்யர்களுக்கு மொழி தடையில்லை. சீனக் குடியேறிகளிலோ பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஆங்கிலம் சரளமாக வராது. இதை மட்டும் வைத்துப் பார்த்தால் கென்யர்களின் வருமானமே அதிகமாக இருக்க வேண்டும். நிலைமை அப்படி இல்லை. சீனக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் தேசிய அளவைத் தாண்டி நிற்கிறது. கென்யக் குடும்பங்களின் வருமானம் தேசிய அளவை ஒட்டியே இருக்கிறது.

காரணம் வேலையின் தன்மையில் இருக்கிறது. சீனர்களில் கணிசமானோர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதுகலையோ முனைவர் பட்டமோ முடித்து, நிறுவனத்தின் விசாவில் கணினி, பொறியியல், மருந்து ஆய்வு, நிதித் துறைகளுக்குப் போகிறார்கள். பட்டமும் வேலையும் நேராகப் பொருந்துகின்றன. கென்யாவில் பெற்ற பட்டத்தை அமெரிக்க முதலாளிகள் எளிதில் மதிப்பதில்லை. நைரோபியில் ஆசிரியராகவோ கணக்காளராகவோ இருந்தவர் டல்லாஸிலோ பால்டிமோரிலோ முதியோர் இல்லத்தில் உதவியாளராகத் தொடங்குகிறார். சில வாரப் பயிற்சியிலேயே அந்த வேலைக்குச் சான்றிதழ் கிடைத்துவிடும். பிறகு இரவுப் பணி செய்தபடியே படித்து, உரிமத் தேர்வு எழுதிச் செவிலியராகிறார். சிலர் சொந்தமாக முதியோர் பராமரிப்பு இல்லம் தொடங்குகிறார்கள். மேலேறும் வழி உண்டு. ஆனால் கையிலிருந்த பட்டத்துக்கு உரிய இடத்தை அடையவே பத்தாண்டு ஓடிவிடுகிறது.

கென்யர்கள் உழைப்பில் பின்தங்கியவர்கள் அல்லர். சகாராவுக்குத் தெற்கிலிருந்து வந்த ஆப்பிரிக்கர்களில் 16 வயதைத் தாண்டியோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் உழைக்கும் படையில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பிறந்தவர்களின் விகிதத்தைவிட இது அதிகம். சீனர்களின் விகிதத்தைவிடவும் அதிகம். சீனச் சமூகத்தில் மாணவர்களும், பிள்ளைகள் அழைத்துவந்த முதிய பெற்றோரும் நிறையப் பேர் இருப்பது அதற்கு ஒரு காரணம்.

சீனர்களின் உயர்ந்த சராசரி இன்னொரு உண்மையை மறைக்கிறது. நியூயார்க்கின் சைனாடவுனில் தையல் ஆலைகள், உணவகங்கள், நகப்பூச்சுக் கடைகள் ஆகியவற்றில் குறைந்த கூலிக்கு வாழ்ந்தவர்களும் வாழ்பவர்களும் ஆயிரக்கணக்கானோர். 1982இல் அங்கே சுமார் 20,000 சீனத் தையல் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஒப்பந்தம் கேட்டு வீதிக்கு வந்தார்கள். ஆங்கிலம் தெரியாத முதியவர்களிடையே வறுமை இன்றும் அதிகம். கென்யர்களின் வருமானப் பரவல் இவ்வளவு அகலமானது அல்ல. பெரும்பகுதி நடுவில் குவிந்திருக்கிறது.

சேமிப்பும் ஊருக்கு அனுப்பும் பணமும்

வங்கிகள் கடன் தர மறுத்த காலத்தில் சீனர்கள் ‘ஹுயி’ என்ற முறையில் மாதந்தோறும் பணம் போட்டு, முறைவைத்து எடுத்துக் கடை தொடங்கினார்கள். கென்யர்களிடம் இதே ஏற்பாடு ‘சாமா’ என்ற பெயரில் இருக்கிறது. தமிழர்களின் சீட்டும் இதே அமைப்புத்தான். மருத்துவச் செலவுக்கும், இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்பவும் ‘ஹராம்பே’ என்ற பெயரில் கூடி நிதி திரட்டுவதும் கென்யர்களின் வழக்கம். ஒருவரை ஒருவர் தாங்கும் பண்பு இரு சமூகத்துக்கும் பொது. சீனர்களிடம் மட்டும் இருந்த வசதி, பல தலைமுறையாக ஒரே இடத்தில் வளர்ந்த சங்கங்களும் கடைத்தெருக்களும் நிறைந்த சைனாடவுன்கள். கென்யர்கள் டெக்சாஸ், மினசோட்டா, மேரிலாந்து, ஜார்ஜியா, வாஷிங்டன், மாசசூசெட்ஸ் என்று சிதறிக் கிடப்பதால், தங்கள் மக்களையே வாடிக்கையாளராகக் கொண்டு பெரிய வணிகம் வளர்க்க இடமில்லை.

ஊருக்குப் பணம் அனுப்புவதிலும் காலம் வேறுபாட்டைக் காட்டுகிறது. நூறாண்டுக்கு முன் சீனத் தொழிலாளர்கள் அனுப்பிய பணம் குவாங்டாங் கிராமங்களில் மாடி வீடுகளாக எழுந்தது. கைப்பிங் வட்டாரத்தின் கோபுர வீடுகள் 2007இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இன்றைய சீனப் பொருளாதாரம் அந்தப் பணத்தை நம்பியில்லை. வசதியான சீனக் குடும்பங்கள் மகனுக்கும் மகளுக்கும் அமெரிக்காவில் வீடு வாங்க ஊரிலிருந்தே பணம் அனுப்புகின்றன. கென்யாவில் நிலை நேர்மாறு. உலகம் முழுவதிலுமிருந்து கென்யர்கள் 2024இல் தாய்நாட்டுக்கு அனுப்பியது சுமார் 490 கோடி டாலர். அதில் பாதிக்கும் மேல் அமெரிக்காவிலிருந்து போனது. தேயிலை ஏற்றுமதியைவிடவும் சுற்றுலாவைவிடவும் நாட்டுக்கு அதிக அந்நியச் செலாவணி தருவது இதுதான். 2007இல் தொடங்கிய எம்-பெசா செல்பேசிச் சேவை இந்தப் பணம் கிராமம்வரை சேர்வதை எளிதாக்கியது. தம்பியின் பள்ளிக் கட்டணமும் தாயின் மருந்தும் ஊரில் வாங்கிய நிலமும் அமெரிக்கக் கணக்கில் சொத்தாகத் தெரிவதில்லை. ஆகவே அமெரிக்கப் புள்ளிவிவரத்தில் கென்யரின் செல்வம் இருப்பதைவிடக் குறைவாகவே தென்படுகிறது.

பிள்ளைகளின் தலைமுறை

சீனக் குழந்தைகளின் கல்வி வெற்றி உலகறிந்தது. சமூகவியலாளர்கள் ஜெனிஃபர் லீ, மின் சோ இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு அதன் அடிப்படையை விளக்கியது. அவர்கள் எடுத்துக்கொண்ட காலத்தில் சீனாவில் இருந்த பெரியவர்களில் பட்டம் பெற்றோர் 4 விழுக்காடு. அமெரிக்காவுக்கு வந்த சீனர்களிலோ பாதிக்கும் மேல். அதாவது, படித்தவர்களாகப் பொறுக்கியெடுக்கப்பட்ட கூட்டம் அது. அவர்கள் தொடங்கிய தனிப்பயிற்சி நிலையங்களும், நல்ல பள்ளிகளைப் பற்றிய தகவல்களும் அதே தெருவில் வாழும் உணவகத் தொழிலாளியின் பிள்ளைக்கும் எட்டின. ஆசிரியர்களும் ஆசிய மாணவர் என்றாலே கெட்டிக்காரர் என்று எதிர்பார்த்தார்கள். அந்த எதிர்பார்ப்பே அவர்களை மேல்வகுப்புகளில் இடம்பெறச் செய்தது.

கென்யர்களும் பொறுக்கியெடுக்கப்பட்ட கூட்டம்தான். ஆப்பிரிக்க, கரீபியக் குடியேறிகளின் பிள்ளைகள் கல்வியில் சோடைபோகவில்லை. 1999இல் முன்னணிக் கல்லூரிகள் 28இல் சேர்ந்த கறுப்பின மாணவர்களை ஆராய்ந்தபோது அவர்களில் 27 விழுக்காட்டினர் குடியேறிகளோ அவர்களின் பிள்ளைகளோதான். அந்த வயதுக் கறுப்பினத்தவரில் அவர்களின் பங்கு 13 விழுக்காடு மட்டுமே. ஆனால் கென்யப் பிள்ளை வகுப்பறையில் முதலில் கறுப்பினப் பிள்ளையாகவே பார்க்கப்படுகிறது. சீன மாணவருக்கு ஏணியாகும் ஆசிரியரின் முன்முடிவு இங்கே தடையாகிறது. வாடகை வீடு தேடும்போதும், காவலர் வண்டியை நிறுத்தும்போதும், பெயரைப் பார்த்தே விண்ணப்பம் ஒதுக்கப்படும்போதும் பெற்றோரின் பட்டம் துணைக்கு வருவதில்லை.

இன ஒதுக்கலும் அரசியலும்

சீனர்களுக்கும் இன வெறுப்பு தீர்ந்துவிடவில்லை. 1982இல் டெட்ராய்ட் பகுதியில் சீன வம்சாவளியினரான வின்சென்ட் சின் அடித்துக் கொல்லப்பட்டார். ஜப்பானியக் கார்களால் வேலை பறிபோவதாகக் கொதித்தவர்கள் அவரைத் தாக்கினார்கள். சீனாவுக்காக உளவு பார்ப்போரைக் கண்டறியவென்று 2018இல் அமெரிக்க நீதித்துறை தொடங்கிய ‘சைனா இனிஷியேட்டிவ்’ விசாரணைகள் சீன வம்சாவளி விஞ்ஞானிகளிடையே அச்சத்தைப் பரப்பின. 2022இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. கொரோனா காலத்தில் தெருவில் தாக்கப்பட்டவர்களும் உண்டு. அலுவலகத்தில் நிபுணராக மதிக்கப்பட்டாலும் தலைமைப் பதவிக்கு உயர்வது கடினமாகவே இருக்கிறது.

அரசியலில் சீனர்களின் நெடுங்கால வேர் தெரிகிறது. வாஷிங்டன் மாநில ஆளுநராக 1997 முதல் 2005 வரை கேரி லாக் இருந்தார். எலைன் சாவோவும் ஸ்டீவன் சூவும் அமைச்சர்களானார்கள். கென்யத் தந்தைக்குப் பிறந்த பராக் ஒபாமா அதிபரானார் என்றாலும் அவர் கென்யச் சமூகத்தில் வளர்ந்தவர் அல்லர். கென்யாவில் பிறந்த ஹல்டா ஹில்ட்ஸ்லி 2024இல் மினசோட்டா சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது அச்சமூகத்தின் சொந்த அரசியல் தொடங்கிவிட்டதைக் காட்டுகிறது. கென்யாவின் 2010ஆம் ஆண்டு அரசியலமைப்பு இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதால் கென்யர் அமெரிக்கக் குடிமகனாகியும் தாய்நாட்டு உரிமையை வைத்துக்கொள்ளலாம். சீனச் சட்டம் இதை ஏற்பதில்லை. சீனர் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

ஒப்பீட்டைப் படிக்கும் முறை

இரு சமூகங்களின் எண்களை ஒப்பிடும்போது மூன்று எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, பிறந்த நாடு என்பது சமூகத்தைக் குறிக்காது. கென்யாவின் டாடாப், ககுமா அகதி முகாம்களில் பிறந்த சோமாலியக் குழந்தைகளும், நைரோபியில் பிறந்த குஜராத்தி வம்சாவளியினரும் ‘கென்யாவில் பிறந்தோர்’ கணக்கில் வருகிறார்கள். இரண்டாவது, இடம். சீனர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் சம்பளமும் வாடகையும் உயர்ந்த கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் வாழ்கிறார்கள். அங்கே வரும் கூடுதல் வருமானத்தில் ஒரு பகுதி வீட்டு வாடகைக்கே போய்விடும். மூன்றாவது, காலம். நூற்றெழுபது ஆண்டு வரலாறுள்ள சமூகத்தையும், பெரும்பாலோர் 1990க்குப் பின் வந்த சமூகத்தையும் ஒரே ஆண்டின் எண்களால் அளந்து தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

இந்த ஒப்பீடு நாடுகளின் கொள்கைக்கும் பாடம் தருகிறது. வந்தவர்களின் வெளிநாட்டுப் பட்டத்தை விரைவில் மதிப்பிட்டு ஏற்கும் ஏற்பாடு இருந்தால் கென்யச் செவிலியரும் ஆசிரியரும் இழக்கும் ஆண்டுகள் மிச்சமாகும். சராசரியைக் காட்டி எல்லாச் சீனரும் செழிப்பானவர்கள் என்று கருதாமல் இருந்தால் சைனாடவுன் முதியவர்களுக்கு உதவி போய்ச் சேரும். இரு சமூகங்களிடமும் உழைப்பும் படிப்பார்வமும் கூடிச் சேமிக்கும் பழக்கமும் இருக்கின்றன. அவற்றுக்கு எவ்வளவு பலன் கிடைக்கிறது என்பதைக் குடியேற்றச் சட்டமும், வேலைச் சந்தையும், நிறத்தைப் பற்றிய சமூகத்தின் பார்வையுமே முடிவுசெய்கின்றன.