மழை பெய்தும் தாகித்த தீவு

கோடையிற் கிணறு வற்றிப்போக, குடத்துடன் அயல்வீடு தேடிச் சென்ற அநுபவம் நம்மிற் பலருக்கு உண்டு. மழை பொய்த்தால் நீர் குறைவது இயல்பே. ஆனால், வானம் ஆண்டுதோறும் வாரி வழங்கியும் தாகித்த ஓர் ஊர் உண்டென்றால் நமக்கு வியப்பாகவே இருக்கும். அவ்வூர் சிங்கப்பூர்.

நமது கொழும்பு மாவட்டத்தினும் சற்றே பெரிதான அத்தீவில் ஏறத்தாழ 60 இலட்சம் மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். ஆண்டொன்றுக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. எனினும், அங்கே பேராறு இல்லை. உயர்ந்த மலைத்தொடரும் இல்லை. பெய்த நீர் விரைவிற் கடலைச் சேர்ந்துவிடும். நிலம் போதாதவிடத்து மாடியின்மேல் மாடியாக வீடு கட்டலாம். குளத்தின்மேற் குளம் வெட்ட முடியுமோ?

கசப்பான பாடங்கள்

1942ஆம் ஆண்டு சனவரி 31ஆந் திகதி, யப்பானியப் படை நெருங்கி வரவே, பின்வாங்கிய பிரித்தானியர் ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைத்த பாலவீதியைத் தகர்த்தனர். ஜொகூரிலிருந்து நீர் கொணர்ந்த குழாயும் அத்துடன் அறுந்தது. இரண்டு வாரங்களில் நகரம் சரணடைந்தது. தண்ணீர் அற்றுப்போகும் நிலை தோன்றியமையும் அதற்கொரு காரணமாயிற்று.

1963இல் மழை பொய்த்தது. ஏறத்தாழப் பத்து மாதங்கள் குழாய்நீரைப் பங்கிட்டே வழங்க வேண்டியதாயிற்று. 1965இல் தனிநாடானபோது, குடிநீரின் பெரும்பகுதி அயல்நாடான மலேசியாவிலிருந்தே வந்துகொண்டிருந்தது. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு 25 கோடி கலன் வரை பெறும் உரிமை 2061 வரை உண்டு. அதன் பின்னர் என்ன என்ற கேள்வியே இந்நகரத்தை இன்றுவரை உழைக்கச் செய்கின்றது.

நகரமே குளமாயிற்று

குளத்துக்கு இடமில்லையெனில், நகரத்தையே நீரேந்து நிலமாக்குவதன்றி வேறு வழியில்லை. கூரையிலும் வீதியிலும் விழும் மழை வாய்க்கால் வழியே நீர்த்தேக்கத்தை அடைய வேண்டும். அவ்வாறாயின், வீதியிற் கொட்டும் குப்பை நாளை குடிக்கும் நீரிற் கலக்குமன்றோ? ஆகவே, நீரைத் தேடப் புறப்பட்டவர்கள் நகரத்தைத் துப்புரவு செய்வதிலே வந்து நின்றனர்.

அக்காலத்துச் சிங்கப்பூர் ஆறு துர்நாற்றம் வீசும் சாக்கடையாகவே கிடந்தது. 1977இல் தொடங்கிய துப்புரவுப் பணி பத்து ஆண்டுகள் நீடித்தது. பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. தெருவோர உணவு வியாபாரிகள் குழாய்நீரும் கழிவுநீர் வசதியும் உள்ள உணவு நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். குடிசைவாசிகள் அடுக்குமாடி வீடுகளிற் குடியேற்றப்பட்டனர். தலைமுறை தலைமுறையாக ஆற்றையே நம்பி வாழ்ந்த சரக்குத் தோணிக்காரர் 1983இல் பசிர் பஞ்சாங்குக்குச் செல்ல நேர்ந்தது. ஆறு தெளிந்தது உண்மையே. ஆனால், அதன் விலையில் ஒரு பங்கைச் செலுத்தியவர்கள் இந்த எளியவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

அவ்வாற்றின் வாயிலே, 2008இல் மரீனா அணைக்கட்டு திறக்கப்பட்டது. கடல்நீரை வெளியே நிறுத்தி, நகரின் நடுவே நன்னீர் தேக்குவது அதன் பணி. கனமழையின்போது கடல் தாழ்ந்திருப்பின் கதவுகளைத் திறந்து மிகைநீரை வெளியேற்றுவர்; கடல் உயர்ந்திருப்பின் பொறிகள் நீரை இறைத்து வெளியே தள்ளும். இன்று தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீரேந்து நிலமாகவே பயன்படுகின்றது.

கழிவிலிருந்து நன்னீர்

பயன்படுத்திய நீரையும் அவர்கள் வீணாக விடவில்லை. 1974இல் கழிவுநீரைத் தூய்மையாக்க முயன்றபோது செலவு மிகுந்து அம்முயற்சி கைவிடப்பட்டது. நுண்சவ்வுகள் மலிவடைந்தபின் மீண்டும் முயன்றனர். நுண்ணிய சவ்வுகளால் வடித்து, புறஊதாக் கதிரால் கிருமி நீக்கிய அந்நீருக்குப் ‘புதுநீர்’ என்று பெயர். 2003 முதல் அது வழங்கப்படுகின்றது. மலசலகூடத்து நீரைக் குடிப்பதா என்ற அருவருப்பைப் போக்க, 2002ஆம் ஆண்டுத் தேசிய தின விழாவிலேயே மக்களுக்குப் புதுநீர்ப் போத்தல்கள் கொடுக்கப்பட்டன. அதன் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்கே செல்கின்றது. வறட்சிக் காலத்தில் ஒரு பகுதி நீர்த்தேக்கங்களிற் கலக்கப்படுகின்றது. 2005 முதல் கடல்நீரும் நன்னீராக்கப்படுகின்றது. அதற்கு மின்சாரம் மிகுதியாகத் தேவை.

இத்தனை செய்தும் ஆபத்து முற்றாக நீங்கிவிடவில்லை. 2010இல் பெருமழையால் புகழ்பெற்ற ஓச்சர்ட் வீதியே வெள்ளத்தில் மூழ்கியது. கடல்மட்டம் உயர்ந்து வருவதால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாழ்நிலமாகவுள்ள அத்தீவுக்குக் கவலை மேலும் பெருகுகின்றது.

சிங்கப்பூரின் செல்வமும் பொறிகளும் எல்லா நகரங்களுக்கும் வாய்ப்பன அல்ல. ஆனால், குடிநீரும் கழிவுநீரும், வீடும் வாய்க்காலும், தெருவும் ஆறும் வெவ்வேறல்ல, ஒன்றே என்ற அறிவைப் பெறப் பணம் வேண்டியதில்லை. நம் வீட்டு வாசலில் நாம் எறியும் குப்பை எந்தக் கிணற்றைச் சேர்கின்றது என்று எண்ணிப் பார்ப்பதே அவ்வறிவின் முதற் படியாகும்.