கண்ணுக்குத் தெரியாத கணினிகள் – 11: பந்தியில் எட்டு இலை

மாதக் கடைசி. ஓர் அலுவலகத்தின் சம்பளப் பட்டியல் ஓடிய விஎம்மை, அதாவது மெய்நிகர் கணினியை, நான் கவனித்துக்கொண்டிருந்த காலம். அதற்கு நான்கு விசிபியு கொடுத்திருந்தோம். பட்டியல் போட நேரமாகிறது என்று கணக்குப் பிரிவிலிருந்து புகார் வந்தது. விஎம்முக்குள் நுழைந்து பார்த்தேன். சிபியு மீட்டர் தொண்ணூறுக்கு மேல் நின்றது. நான்கை எட்டாக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை கணக்குப் பிரிவு அம்மா போன் செய்தார். “சார், ரெண்டு மடங்கு ஆக்கிட்டேன்னு சொன்னீங்க. நேத்தைவிட இன்னிக்கு இன்னும் இழுக்குதே?”

அவர் சொன்னது உண்மை. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனபோது தெரிந்துகொண்டதை இந்த வாரம் சொல்கிறேன்.

ஒரே சர்வரைப் பல விஎம்களாகப் பிரித்துக் கொடுப்பது ஹைப்பர்வைசரின் வேலை என்று போன வாரம் பார்த்தோம். வட்டில் இடத்தைப் பங்கு போடுவது போல சிபியுவைப் பங்கு போட முடியாது. சிபியுவுக்குள் இருக்கும் கோர் என்பது ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே உழைக்கும் கருவி. அதனால் ஹைப்பர்வைசர் கொடுப்பது கோரை அல்ல, கோரில் உட்காரும் முறையை. விசிபியு என்ற சொல்லுக்கு அவ்வளவுதான் பொருள்: அது வரிசையில் ஓர் இடம்.

இந்த ஏற்பாடு பழையது. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையத்தில் 1967 ஜனவரியிலேயே சிபி-40 என்ற மென்பொருள் ஒரே கணினியை 14 கணினிகளாகக் காட்டியது. விஎம்வேர் நிறுவனத்தின் ஈஎஸ்எக்ஸ் என்ற ஹைப்பர்வைசர் 2001இல் அந்த வித்தையைச் சாதாரண இன்டெல் சர்வர்களுக்குக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து ‘யாருக்கு எத்தனை விசிபியு’ என்ற கேள்வி ஒவ்வொரு சர்வர் அறையிலும் எழுகிறது.

ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பதினாறு இலை போடத்தான் இடம். தனியாக வந்தவர், எந்த இலை காலியானாலும் உட்கார்ந்துவிடுவார். எட்டுப் பேர் கொண்ட குடும்பம் ‘சேர்ந்துதான் உட்காருவோம்’ என்றால், எட்டு இலையும் ஒன்றாகக் காலியாகும்வரை நிற்க வேண்டியதுதான். ஐந்து இலை காலியாக இருந்தாலும் அவர்கள் பசியோடு நிற்பார்கள். ஆரம்பகால ஈஎஸ்எக்ஸ் விசிபியுக்களை இப்படித்தான் நடத்தியது. எல்லாவற்றுக்கும் கோர் கிடைத்தால்தான் விஎம் ஓடும்.

சேர்ந்து உட்கார வேண்டிய கட்டாயம் ஏன்? விஎம்முக்குள் இருக்கும் இயங்குதளம், எட்டு சிபியுவும் எப்போதும் தன்னிடம் இருப்பதாக நம்புகிறது. ஒரு விசிபியு ஏதோ ஒரு தகவலைப் பூட்டிவைத்துத் திருத்தும்போது, அதே தகவல் தேவைப்படும் மற்றவை ‘இதோ திறந்துவிடும்’ என்று நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பூட்டு நொடியில் திறக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட நிரல் அது. சாவி வைத்திருக்கும் விசிபியுவை ஹைப்பர்வைசர் கோரிலிருந்து இறக்கிவிட்டால், மற்றவை ஒரு பயனும் இல்லாமல் கோரைப் பிடித்துக்கொண்டு சுற்றும்.

2006இல் வந்த ஈஎஸ்எக்ஸ் 3 இந்த விதியைத் தளர்த்தியது. இடம் கிடைத்தவர்கள் முதலில் உட்காரலாம். ஆனால் ஒருவர் மிகவும் பின்தங்கிவிட்டால், முந்திச் சாப்பிட்டவர்கள் எழுந்து நிற்க வேண்டும். அப்படி நிற்கும் நேரத்துக்கு ‘கோ-ஸ்டாப்’ என்று பெயர். வேலை இருந்தும் கோர் கிடைக்காமல் நிற்கும் நேரத்துக்குப் பெயர் ‘ரெடி’. உண்ணத் தயார், இலைதான் இல்லை.

நான் ஏமாந்தது எங்கே என்று இப்போது புரியும். விஎம்முக்குள் இருந்த மீட்டருக்கு இந்தக் காத்திருப்பு தெரியாது. கோர் கிடைக்காமல் நின்ற நேரத்தையும் ஓடிய நேரமாகவே அது கணக்கெழுதியது. தொண்ணூறு என்று அது காட்டியதில் ஒரு பகுதி உழைப்பு, ஒரு பகுதி வெறும் நிற்பு. நான் நான்கு பேர் குடும்பத்தை எட்டுப் பேராக்கி, ஏற்கெனவே நெரிசலான பந்திக்கு அனுப்பினேன்.

நெரிசல் ஏறுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் 1909இல் தொடங்கிவைத்த வரிசைக் கணிதம் அது. வேலைகள் ஒழுங்கின்றி வந்துசேரும் ஒற்றைக் கோர், பாதி நேரம் உழைத்தால் ஒரு வேலை முடிய இரண்டு மடங்கு நேரமாகும். எண்பது விழுக்காட்டில் ஐந்து மடங்கு. தொண்ணூறில் பத்து மடங்கு. எண்பதிலிருந்து தொண்ணூறுக்குப் போவது சிறிய படி போலத் தெரியும். காத்திருப்பவருக்கு அது இரட்டிப்பு. எனவே கோர் எவ்வளவு உழைக்கிறது என்பதைவிட, விசிபியு எவ்வளவு நிற்கிறது என்பதுதான் பார்க்க வேண்டிய எண்.

அந்த எண்ணை ஹோஸ்ட் பக்கத்தில், அதாவது விஎம்களைத் தாங்கும் சர்வரின் பக்கத்தில், தேட வேண்டும். விஎம்வேரின் மேலாண்மைக் கருவியான விசென்டரின் உடனடி வரைபடம் 20 விநாடிக்கு ஒருமுறை ரெடி நேரத்தை மில்லி விநாடியில் கூட்டிக் காட்டும். எட்டு விசிபியு கொண்ட விஎம்முக்கு 16,000 என்று வந்தால், அதை 20,000ஆல் வகுத்தால் 80 விழுக்காடு. அது எட்டுக்கும் சேர்த்து. ஒரு விசிபியுவுக்கு 10. ஐந்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும், பத்தைத் தொட்டால் பயனாளர் உணர்வார் என்பது தொழிலில் உள்ளவர்கள் கைக்கொள்ளும் அளவு. கோ-ஸ்டாப்புக்கு மூன்றே அதிகம்.

ஓர் எச்சரிக்கை. ஒரு நாள் வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியும் 300 விநாடியின் கூட்டல். அதே 16,000 அங்கே வந்தால், ஒரு விசிபியுவுக்கு ஒரு விழுக்காடுகூட இல்லை. கால அளவைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்து அஞ்சியவர்களும் உண்டு, அஞ்ச வேண்டிய இடத்தில் சும்மா இருந்தவர்களும் உண்டு. கேவிஎம், ஸென் ஆகிய ஹைப்பர்வைசர்கள் மேல் ஓடும் லினக்ஸ் என்றால் விஎம்முக்குள்ளிருந்தே பார்க்கலாம். டாப் கட்டளை காட்டும் சிபியு வரியின் கடைசியில் வரும் ‘ஸ்டீல்’ என்ற எண் இதே காத்திருப்பைத்தான் சொல்கிறது.

அப்படியானால் எத்தனை கொடுப்பது? இரண்டில் தொடங்குங்கள். ஒரு மாதக் கடைசியைக் கடக்கும்வரை கவனியுங்கள். உள்ளே வேலைகள் வரிசை கட்டி நின்று, வெளியே ரெடி குறைவாக இருந்தால்தான் கூட்ட வேண்டும். உள்ளே மீட்டர் உச்சத்தில் இருக்கும்போதே ரெடியும் உயர்ந்திருந்தால், கூட்டுவது எரிகிற நெருப்பில் எண்ணெய். சர்வரில் கோர் எத்தனை என்று எண்ணும்போதும் கவனம் வேண்டும். ஹைப்பர்த்ரெடிங் என்ற வசதி ஒரு கோரை இரண்டு த்ரெட்டாகக் காட்டும். உழைப்பு இரண்டு மடங்காவதில்லை. கோரை எண்ணுங்கள், த்ரெட்டை அல்ல. ஒரு சாக்கெட்டில் (சிபியு சில்லைப் பொருத்தும் இடத்தில்) பன்னிரண்டு கோர் இருக்கும் சர்வரில் பதினாறு விசிபியு கேட்டால், விஎம் இரண்டு சாக்கெட்டில் கால் வைத்து நிற்கும். பக்கத்துச் சாக்கெட்டின் நினைவகத்தை எட்டிப் பிடிக்க ஒவ்வொரு முறையும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

சம்பளப் பட்டியல் விஎம்மை மீண்டும் நான்குக்கே கொண்டுவந்தேன். அது பாதி மருந்துதான். அதே ஹோஸ்டில் எட்டெட்டு விசிபியுவோடு பல விஎம்கள் இருந்தன. நாளெல்லாம் தூங்கும் விசிபியு கோரைப் பிடிப்பதில்லை. ஆனால் பேக்கப், வைரஸ் சோதனை என்று எல்லாம் ஒரே நேரத்தில் விழித்தால், ஒவ்வொன்றும் எட்டு இலை கேட்டு வந்து நிற்கும். அவற்றை வைத்திருந்த துறைகளிடம் வரைபடத்தைக் காட்டிப் பேசினேன். குறைக்க எளிதில் மனம் வரவில்லை. ‘கொடுத்ததைத் திருப்பி எடுத்தால் பிறகு கிடைக்காது’ என்ற பயம் அவர்களுக்கு. வேண்டும்போது அன்றே தருகிறேன் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் ஒவ்வொருவராக இசைந்தார்கள்.

அடுத்த மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு அம்மாவிடமிருந்து போன் வரவில்லை. நானே கூப்பிட்டுக் கேட்டேன். மதியத்துக்குள் பட்டியல் முடிந்துவிட்டது என்றார். கூட்டிக் கொடுத்ததால் வந்த வேகம் அல்ல அது. நான்கு துறைகள் தங்களுக்குத் தேவைப்படாததை விட்டுக்கொடுத்ததால் வந்தது.

சிபியுவையாவது முறை வைத்துக் கொடுக்கலாம். முறை வைக்க முடியாத நினைவகத்தை ஹைப்பர்வைசர் எப்படிப் பங்கிடுகிறது? விஎம்முக்குள் ஒரு பலூனை ஊதி, அது பிடித்துவைத்திருக்கும் நினைவகத்தை வெளியே வாங்குகிறது. அந்தப் பலூனின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)