காப்பி ருசி பார்ப்பதற்கேற்ற கெண்டி

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டமுடைய மிராசுதார் ஒருவர், தம் சரக்கில் புகை நெடி வீசுகிறதென்று மனம் நொந்து, அதனை மட்டச் சரக்கோடு கலந்து விற்றுவிட எண்ணியிருந்தார். யாம் சென்று பார்த்தபோது குற்றம் கொட்டையில் இல்லை; விறகடுப்பில் மூடியின்றிக் காய்ந்த வெந்நீரில் இருந்தது. வேறு கெண்டியில் மூடிக் காய்ச்சிய ஜலத்தை ஊற்றவே நெடி ஒழிந்தது.

ருசி பார்க்குங்கால் கிண்ணமொன்றுக்கு 8.25 கிராம் தூளும் 150 மில்லிலிட்டர் வெந்நீரும் இடுவது வழக்கம். மாதிரி ஒன்றுக்கு ஐந்து கிண்ணம் வைப்பதால் முக்கால் லிட்டர் செல்லும். இரண்டு மாதிரிகளை ஒப்பிடுவோர்க்கு இரண்டு லிட்டர் கெண்டியே நன்று. இடையில் மறுபடி காய்ச்ச நேர்ந்தால் கிண்ணங்களின் சூடு வேறுபட்டு, ஒப்பிடுதல் வீணாகும்.

கொக்கின் கழுத்தைப்போல் நீண்டு மெலிந்த மூக்குடைய கெண்டியை இக்காலத்தில் பலரும் புகழ்கின்றனர். தாள் வடிகட்டியில் சிறுகச் சிறுக ஊற்றுவதற்கு அது தகும். இங்கோ தூள் முழுவதும் விரைவில் நனைய வேண்டுமாகையால் அகன்ற குட்டை மூக்கே மேலானது, விலையும் குறைவு. எவர்சில்வர் உத்தமம். செம்பாயின் உள்ளே ஈயம் பூசியிருத்தல் அவசியம்.

ஊற்றும் ஜலம் ஏறக்குறைய 93 டிகிரி சென்டிகிரேடு சூடுடையதாயிருத்தல் வேண்டும். சமவெளியில் கொதித்தபின் சற்று ஆறவிடுவர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலிருப்பதால் அங்கே 95 டிகிரிக்கு அருகிலேயே ஜலம் கொதித்துவிடும். ஆதலின் தாமதியாமல் ஊற்றுக. மின்சாரக் கெண்டியில் 100 டிகிரி காட்டட்டுமென்று அவ்வூரில் காத்திருப்பவர் நெடுநேரம் காத்திருப்பார்.